பதினேழாம் மனையில் பால் பொங்கியது

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். கடலூர் வெயிலில் கம்பளி போர்த்தினால் ஓய்வூதியம் கொஞ்சம் சீக்கிரம் மிச்சமாகும் என்று நினைத்தார்களோ என்னவோ. அப்போது ஓர் இளம் பொறியாளர், "சார், நீங்க அந்தக் காலத்துல ஊர் ஊரா கருத்துக் கேக்கப் போவீங்களாமே, எப்படி நடக்கும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார். இப்போது கருத்துக் கேட்பதே அதில்தானாம். ஒரு பொத்தானை அமுக்கினால் சம்மதம், பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஆட்சேபணை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன், போண்டா வந்துவிட்டது. போண்டாவோடு போட்டி போடுகிற வயது எனக்கில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் தேவனாம்பட்டினத்தான். அப்பாவுக்குக் கட்டுமரம். எங்கள் தெருவிலிருந்து படித்து, கால்சட்டை மாட்டி, மஞ்சக்குப்பத்து நகரமைப்பு அலுவலகத்துக்கு வரைவாளராகப் போன முதல் ஆள் நான்தான். "கடல்ல எவனும் வேலி போட்டதில்ல. நீ போயி எவன் எல்லைய அளக்கப் போற?" என்றார் அப்பா. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளவுச் சங்கிலி பிடித்தேன், அது காலில் விழுந்தது. மசிக்கோடு இழுத்தேன், அது சட்டையில் விழுந்தது. நிலத்தைப் பற்றிய என் ஞானம் எப்படியென்றால், நெல் நாற்றையும் கோரைப்புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எது என்று கேட்டிருந்தால், இரண்டும் பச்சை என்று சரியாகச் சொல்லியிருப்பேன்.

இப்படிப்பட்டவனைத்தான் அறுபதுகளின் நடுவில் தாழங்குறிச்சிக்கு அனுப்பினார்கள்.

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் காதர் பாயின் டீக்கடை. அதற்குப் பின்னால் வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் ஊர். முந்தைய மழையில் கொள்ளிடம் உடைத்துக்கொண்டு வந்து ஊர்த் தெருவில் இடுப்பளவும் சேரியில் கூரையளவும் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு, ஊரையே தூக்கி மேட்டில் வைத்துவிடுவது என்று மேலே முடிவாயிற்று. சாலையை ஒட்டி மேடாக இருந்த வயல்களை அரசாங்கமே வாங்கி, நேர் நேராகத் தெரு, பள்ளிக்கூடம், பூங்கா, குடிநீர்க் குழாய் எல்லாம் வைத்து ஒரு புதுநகர். வெள்ளத்தில் வீடு முழுசாகப் போனவர்களுக்குச் சாலையோர மேட்டு வரிசையில் மனை. மற்றவர்களுக்கு அடுத்தடுத்த வரிசைகள். ஊர்த் தெரு, சேரி என்று பிரிவு கிடையாது. படத்தைச் சென்னையிலேயே வரைந்துவிட்டார்கள். மண்வெட்டி இறங்கும் முன் ஊர்க்காரர்கள் கருத்தைக் கேட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒரு தனி அதிகாரி, வரைவாளராக நான், சங்கிலி இழுக்க கோவிந்தன்.

அதிகாரி சாமிதாஸ் சார். கடலூர் முதுநகர்க்காரர். ஒரு மடக்கு முக்காலி, ஒரு கறுப்புக் குடை, சட்டைப்பையில் மூடி போட்ட பேனா. யார் என்ன சொன்னாலும் முகம் தபால் பெட்டி மாதிரி இருக்கும். போட்டது உள்ளே போய்விடும், போனதற்கு அடையாளம் தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரே குரலில் மூன்று கேள்வி. "பேர் என்னாங்க? இங்க என்ன வேலைங்க? இந்தத் திட்டத்தப் பத்தி உங்க கருத்து என்னாங்க?" மிராசுதாருக்கும் அந்த 'ங்க' உண்டு, மாடு மேய்ப்பவருக்கும் உண்டு. ஊரில் பாதிப் பேர் அந்த 'ங்க'வைக் கேட்கவே இரண்டாம் முறை வந்து வரிசையில் நின்றார்கள்.

எழுதுவது என் வேலை. முதல் நாள் ஒருவர், "எழவெடுத்த பூங்கா எனக்கு எதுக்கு? உட்காரணும்னா ஊட்டுல உட்காந்துக்கறேன்" என்றார். நான் "பூங்கா அவசியமெனத் தோன்றவில்லை" என்று அழகாக எழுதி வைத்தேன். சார் வாங்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"அவுங்க சொன்னதுதான் சார்."

"அவுங்க சொன்னத நீ தொவைச்சு இஸ்திரி போட்டுட்ட. கசங்கலாவே எழுது."

அன்றிலிருந்து கசங்கலாகவே எழுதினேன். 'எழவெடுத்த' என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது என் கையெழுத்தில்தான் என்று நம்புகிறேன். வேறு யாராவது உரிமை கோரினால் விட்டுக்கொடுக்கத் தயார்.

கருத்துக்குப் பஞ்சமில்லை. தெரு ஏன் நேராக இருக்கிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "இந்தக் கோடியில மாமியா வர்றது அந்தக் கோடியில தெரியறது நல்லதுதான் சார். ஆனா நான் ஓடுறதும் அவுங்களுக்குத் தெரியுமே?" காதர் பாய், தன் கடை முக்குமனைக்கு வருமென்றால் திட்டம் ரொம்ப நல்ல திட்டம், வராவிட்டால் யோசிக்க வேண்டிய திட்டம் என்றார். "ஜாஸ்தி ஒன்னும் கேக்கல. ஒரு முக்கு. அவ்வளவுதான்."

சங்கடம் எங்கே வந்தது என்றால், படத்தைக் காட்டும்போது. அந்தக் காலத்துப் படம் நீலத்தாளில் வெள்ளைக் கோடாக இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் அதைப் பாய் மாதிரி விரித்தேன். கூட்டம் குனிந்து பார்த்தது. அப்படியே பின்னால் நகர்ந்தது.

"என்னா சார், எல்லாம் தண்ணியா கெடக்குது?" என்றது ஒரு குரல்.

"ஊடெல்லாம் மெதக்குதே. ஏற்கெனவே ஒரு தடவ மெதந்தாச்சு சார்" என்றது இன்னொரு குரல்.

நீலம் தண்ணீர் இல்லை, தாளின் நிறம் என்று நான் விளக்கியதை ஒருவரும் நம்பவில்லை. வெள்ளத்திலிருந்து கரையேறிய ஊருக்கு நீலத்தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் வேறென்ன நடக்கும்? சார் முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். அவருக்கும் அது தண்ணீராகத் தெரிய ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. "படத்த மடிச்சு வை. வயல்லயே போட்டுக் காட்டிடலாம்" என்றார்.

பரங்கிப்பேட்டையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அறுப்பு முடிந்து உளுந்துகூடத் தெளிக்காமல் விட்டிருந்த, அடித்தாள் மட்டும் நின்ற வயல். நானும் கோவிந்தனும் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளைக் கோடாக விட்டுக்கொண்டே போனோம். தெரு, வீடு, கூடம், சமையலறை, வாசல். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் மனை எண் எழுதிய ஓர் அட்டை. வேலை முடிந்தபோது நான் தலை முதல் கால் வரை வெள்ளை. "மச்சான், ஒங்க ஆபீசரு பேய் ஒன்னு கூட்டியாந்திருக்காரு" என்று காதர் பாய் கோவிந்தனிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தக் கைப்பேசியிலும் பார்க்க முடியாது. ஊர் மொத்தமும் தன் தன் வீட்டுக்குக் குடிபோயிற்று. கோட்டைத் தாண்டி ஒருவர் கால் வைத்தால், "யோவ், செவுத்துக்குள்ள பூந்து வர்றியே, வாச இருக்கறது தெரியலயா?" என்று உள்ளேயிருந்து அதட்டல். இரண்டு பங்காளிகள், ஒருவர் ஜன்னல் மற்றவர் வீட்டுப் பக்கம் திறக்கிறது என்று, இல்லாத ஜன்னலை மூடச் சொல்லிச் சண்டை போட்டார்கள். ஒரு பெரியவர் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்து, காற்று வரவில்லை என்று புகார் சொன்னார். சுற்றிலும் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

மேட்டு வரிசையில் ஒரு வீடு பதினேழாம் மனை. அது அஞ்சலைக்கு. சேரியில் அவள் வீடுதான் முதலில் விழுந்தது. கூரை மிதந்து போனபோது இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் தோளிலுமாக வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் புளியமரக் கிளையில் உட்கார்ந்திருந்தவள். புருஷன் மிராசு வீட்டில் பண்ணையாள், அவள் அங்கே மாட்டுக் கொட்டகையில் வேலை. அட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள், "அடுப்பு எங்க சார் வருது?" காட்டினேன். "வாசப்படி?" காட்டினேன். வாசலில் நின்று வாய்க்கால் பக்கம் பார்த்தாள். வாய்க்கால் ரொம்பக் கீழே, ரொம்பத் தள்ளி இருந்தது.

அப்போதுதான் மிராசு வந்தார். ராஜகோபால் என்று பெயர், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தினமும் அவர் தோப்பிலிருந்து இளநீர் வந்தது. குடித்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது. சாருக்கு எதிரே நின்று சொன்னார்:

"திட்டம் நல்ல திட்டம். ஒரே ஒரு மாத்தம். சேரி வீடெல்லாம் வாய்க்கா பக்கம் மாத்திடுங்க. வேலைக்குப் போவ வர அவுங்களுக்குச் சவுரியமா இருக்கும். இந்தப் பதினேழு என் மாப்பிள்ளைக்கு. ரோட்டோரமா இருக்கு, பொண்ணு வந்து போவ தோது. ஊர்ல எல்லாருக்கும் இதான் கருத்து. கேட்டுப் பாருங்க."

சார் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருவராக. மிராசு பக்கத்திலேயே, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டு, சாரைப் பார்த்துவிட்டு, கீழே பார்த்துக்கொண்டு மிராசு சொன்னதையே சொன்னார். அஞ்சலையின் முறை வந்தது.

"பேர் என்னாங்க?"

"அஞ்சலை."

"இங்க என்ன வேலைங்க?"

"மிராசு ஊட்டுல மாடு பாக்கறேன்."

"உங்க கருத்து என்னாங்க?"

"மிராசு சொல்றதுதாங்க."

"அது அவுங்க கருத்து. உங்களது?"

"அதான் சொன்னேனுங்களே."

எழுதிக்கொண்டேன். கசங்கல்கூட இல்லாத கருத்து.

சாலைக்குத் திரும்பும்போது சார் என்னிடம் சொன்னார், "எல்லாரும் ஒன்னையே சொல்லிட்டா மேல படத்த மாத்திடுவாங்க. அடுத்த வெள்ளத்துல அந்தம்மா மறுபடி மரத்துலதான். ஒரே ஒரு கருத்தாவது வேற மாதிரி வேணும்."

"நாம கொஞ்சம் எடுத்துச் சொன்னா சார்..."

"நாம கேக்க வந்தவுங்க. சொல்லிக் குடுக்க வந்தவுங்க இல்ல."

அதோடு குடையை விரித்துக்கொண்டார். நாளை மாலையோடு விசாரணை முடிகிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. சிதம்பரத்தில் நல்ல மீன் கிடைத்திருந்தது.

மறுநாள் காலை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வயல் நடுவில் புகை. ஓடிப்போய்ப் பார்த்தால் பதினேழாம் மனையில், நான் காட்டிய சமையலறை மூலையில், மூன்று கல் வைத்து அடுப்பு. மேலே புதுப் பானை. அஞ்சலை உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் கூடத்தில். புருஷன் மட்டும் வீட்டுக்குள் வராமல் வரப்பில் நின்று, எந்தப் பக்கம் ஓடினால் பள்ளம் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான். சேதி போய் ஊர் கூடிவிட்டது. மிராசு வந்தார். அவருக்குப் பின்னால் வரப்பில் குடை பிடித்தபடி மிராசு வீட்டம்மா.

"என்னா அஞ்சல இது?"

"சும்மாதாங்க. அளவு சரியா இருக்குதான்னு பாத்தேன்."

"நேத்து என் கருத்துதான் ஒன் கருத்துன்ன?"

"இப்பவும் அதாங்க. நான் வாயத் தொறந்து ஒன்னும் சொல்லல. பால்தான காச்சறேன்."

சொல்லி முடிக்கவும் பால் பொங்கவும் சரியாக இருந்தது. நுரை கிழக்குப் பக்கமாக வழிந்து கல்லில் சுர்ரென்றது. கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து தன்னை அறியாமல் யாரோ குலவை போட்டு, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மிராசு சிரித்தார். "வயக்காட்டுல அடுப்பு மூட்டினா குடிபோனதா ஆயிடுமா? நாலு பேரு உள்ள வந்து குடிச்சாத்தான் அது கிரகப்பிரவேசம். எவன் வரான் பாப்போம்."

அஞ்சலை பாலை ஆற்றி டம்ளர்களில் ஊற்றி வாசல் கோட்டுக்கு உள்ளே வரிசையாக வைத்தாள். டம்ளர் ஒன்று சாய்ந்து மண்ணில் கொட்டியது, மறுபடி ஊற்றினாள். ஒருவரும் அசையவில்லை. சேரிக்காரர்களுக்கு மிராசு பயம். ஊர்த் தெருக்காரர்களுக்கு அந்த டம்ளரே பயம். சேரிக் கையால் ஊரில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத காலம் அது. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், இந்தப் பக்கம் ஓர் ஊர்.

சார் குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே ஜோடியாக வைத்தார். சுவர் வழியாக வராமல் சரியாக வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு டம்ளரை எடுத்து, டீக்கடையில் குடிப்பது போலவே குடித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்கும் பாலுக்கும் பிறவியிலேயே ஆகாது. குடித்தால் வயிறு தனி நாடு கேட்கும். அதனால்தான் காதர் பாய் கடையில்கூட நான் பால் விடாத வரக்காப்பி ஆசாமி. இதைச் சாரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் வயிற்றுக்கோளாறு என்று சொன்னால் எவன் நம்புவான்? தேவனாம்பட்டினத்தான் பால் குடிக்கப் பயந்தான் என்றா, டம்ளருக்குப் பயந்தான் என்றா சொல்வார்கள்? உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. எனக்குப் பின்னால் கோவிந்தன் வந்து இரண்டு டம்ளர் குடித்தான். அவனுக்கு இலவசம் என்றால் எதுவும் ஆகும்.

மூன்று பேர் ஆயிற்று.

நாலாவது ஆள் சாலையிலிருந்து திட்டிக்கொண்டே வந்தார். காதர் பாய். "என்னாங்க அநியாயம், காலையிலேர்ந்து கடையில ஒரு சொட்டுப் பால் கெடையாது. மிராசு ஊட்டுப் பால நம்பித்தான் கட நடத்தறேன். அம்மா இன்னிக்கி இல்லேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மாடு என்னா, லீவு போட்டுடுச்சா?" பேசிக்கொண்டே வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். வரிசையாக இருந்த டம்ளரைப் பார்த்தார். "அட, இங்கதான் இருக்குதா என் பாலு" என்று ஒன்றை எடுத்துக் குடித்தார்.

நாலு.

அதற்கப்புறம்தான் அவர் சொன்னது எல்லோருக்கும் உறைத்தது. தலைகள் ஒவ்வொன்றாக வரப்புப் பக்கம் திரும்பின. மிராசுவின் தலை கடைசியாகத் திரும்பியது.

வீட்டம்மா குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "என்னா என்னையே பாக்கறீங்க? அஞ்சல பால் கேட்டா, கடைக்குப் போறதக் குடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கல." பிறகு புருஷனிடம், ஊருக்கே கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "வேற மனை பாருங்க. இன்னொருத்தி பால் பொங்கின அடுப்புல என் பொண்ணு ஒல வைக்க மாட்டா."

மிராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊரில் அவரை எதிர்த்து வழக்குப் போடலாம், மனுப் போடலாம், ஒன்றும் நடக்காது. பொங்கின பாலை எதிர்த்து அவரும் ஒன்றும் செய்வதற்கில்லை. "சரி, ரெண்டாவது வரிசையில ஒன்னு பாத்துக்கலாம்" என்றார். வாய்க்கால் பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

அந்த அம்மாள் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஊரில் பல காரணம் சொன்னார்கள். அஞ்சலை மரத்தில் உட்கார்ந்திருந்ததை மாடியிலிருந்து பகல் முழுக்கப் பார்த்தவர் என்றார்கள். மாப்பிள்ளைக்கு ரோட்டோரம் வீடு கொடுத்தால் தினமும் பஸ் ஏறி சிதம்பரத்துக்கு சினிமா பார்க்கப் போய்விடுவார் என்ற கவலை என்றும் சொன்னார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. முதலாவதும் இருந்திருக்கலாம்.

அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. சேரிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவரவர் கோட்டு வீட்டில் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்களாம். அஞ்சலையிடம் மீந்த பால் தீர்ந்து, ஆட்டுப்பால் தேடி, அதுவும் தீர்ந்து, ஒருத்தி அரிசி கழுவிய தண்ணீரையே பொங்கவிட்டு, "வெள்ளையாத்தான இருக்குது" என்றாளாம். வயல் முழுக்கப் புகையாம். எல்லாம் கோவிந்தன் சொல்லித்தான் தெரியும். நான் அந்த நேரம் வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். தாழம்புதரில் முள் உண்டு என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எழுத ஆள் இல்லாமல் சார், "வரைவாளர் எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"அவுரு கருத்துச் சொல்லப் போயிருக்காரு சார்" என்றானாம் கோவிந்தன். ஊர் சிரித்த சிரிப்பு எனக்குப் புதர் வரைக்கும் கேட்டது.

நான் திரும்பி வந்தபோது சார் தன் கையாலேயே எழுதி முடித்திருந்தார். ஒவ்வொரு மனைக்கும் எதிரே ஒரே வரி: "கருத்து: பால் பொங்கியது." அரிசித் தண்ணீர் பொங்கிய வீட்டுக்கு மட்டும் "பொங்கியது" என்று நிறுத்திவிட்டார். பொய் எழுத மாட்டார்.

சென்னையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். பால் பொங்குவது கருத்தாகுமா என்று. சார் ஒரே சொல்லில் பதில் அனுப்பினார். "ஆகும்." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. படம் வரைந்தபடியே நின்றது.

வீடுகள் எழும்ப இரண்டு மழை ஆயிற்று. இரண்டாவது மழையில் வாய்க்கால் பொங்கி, சேரி வீடுகளை மாற்றச் சொன்ன இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மேட்டு வரிசைக்கு வரவில்லை. செங்கல் வைத்து, ஓடு வேய்ந்து, நிஜ வாசல் வைத்த பிறகு பதினேழாம் மனையிலிருந்து எங்கள் மூவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள் அஞ்சலை. போனோம். பஸ்ஸில் போகும்போதே எனக்குக் கணக்கு ஓடியது. கிரகப்பிரவேசம் என்றால் பால் காய்ச்சுவார்கள். காய்ச்சினால் கொடுப்பார்கள். கொடுத்தால் குடிக்க வேண்டும். போகும் வழியில் தாழம்புதர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். இந்தத் தடவை சுவர் வழியாகப் போக முடியவில்லை. அடுப்பு நான் காட்டிய மூலையிலேயே இருந்தது. எரிந்துகொண்டும் இருந்தது. நான் மெதுவாக, "பால் பொங்கியாச்சாம்மா?" என்று கேட்டேன்.

அஞ்சலை என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "அதான் அன்னிக்கே பொங்கியாச்சே சார். ஒரு ஊட்டுக்கு எத்தன தடவ குடிபோறது?"

சாருக்கும் கோவிந்தனுக்கும் டீ வந்தது. எனக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளர் வந்தது. பார்த்தேன். வரக்காப்பி.